புளியமரத்தடியில் பிரித்த கியர் பெட்டி

(புதுக்கோட்டை வட்டாரத்தில் ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் சேர்ந்து நடத்தும் ஞாயிறு வகுப்பில், மோட்டார் பட்டறைத் தொழிலாளர் சார்பில் ஆற்றிய உரை.)

தோழர்களே!

எங்களுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு பேசுகிற பேச்சுத்தான் தெரியும். அந்தப் பேச்சையெல்லாம் தாய்மார்கள் இருக்கிற சபையில் பேச முடியாது. எனவே கொஞ்சம் திணறுவோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ஆட்டோமாட்டிக் கியர் பெட்டியைக் கம்பெனிக்காரன்தான் தொட முடியும் என்கிறார்களே, நீங்கள் பிரித்து மாட்டினீர்களாமே, எப்படி?" என்று சென்ற வகுப்பில் ஓர் ஆலைத் தோழர் கேட்டார். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம். செய்ததைச் சொல்வோம். கெடுத்ததையும் சொல்வோம்.

முதலில், இது என்ன யந்திரம்? நம் சாலைகளில் ஓடுகிற லாரிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் கையால் மாற்றுகிற கியர்தான். டிரைவர் இடது காலால் கிளட்சை மிதிக்கிறார், கையால் கம்பியைத் தள்ளுகிறார். மேடு வந்தால் ஒரு மிதி, வேகத்தடை வந்தால் ஒரு மிதி, ஆடு குறுக்கே வந்தால் ஒரு மிதி. டவுன் பஸ் ஓட்டுகிற தோழரைக் கேட்டுப் பாருங்கள். முட்டியும் இடுப்பும் எந்த வயதில் போயின என்று சொல்லுவார். தானியங்கி கியர் பெட்டியில் கிளட்ச் மிதி என்பதே கிடையாது. வேகத்தையும் பாரத்தையும் பார்த்து யந்திரம் தானே கியரை மாற்றிக்கொள்ளும்.

இதைச் செய்யப் பூதம் எதுவும் உள்ளே உட்கார்ந்திருக்கவில்லை. மூன்று வேலைகள்தான் உள்ளே நடக்கின்றன. மூன்றுக்கும் உங்களிடமே உவமை இருக்கிறது.

இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் கரண்ட் கொடுங்கள். அதன் காற்று பட்டு அடுத்த விசிறியும் சுற்றும். காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்து, இரண்டையும் ஒரு மூடிய கும்பாவுக்குள் அடைத்துவிட்டால் அதுதான் டார்க் கன்வெர்ட்டர். ஒரு சக்கரத்தை என்ஜின் சுற்றுகிறது. எண்ணெய் பாய்ந்து மறு சக்கரத்தைச் சுற்றுகிறது. நடுவே மூன்றாவதாக ஒரு சிறு சக்கரம் உண்டு. திரும்பி வருகிற எண்ணெயைச் சரியான கோணத்தில் திருப்பி விடுவது அதன் வேலை. அதனால்தான் வண்டி கிளம்புகிறபோது என்ஜின் கொடுத்த முறுக்கைவிட இரண்டு மடங்கு வரைக்கும் கூடக் கிடைக்கிறது. லாரி நின்றாலும் என்ஜின் அணையாது; எண்ணெய் வழுக்கிக் கொடுத்துவிடும். 1905-ல் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் என்ஜினீயர் இதற்கு உரிமை பதிந்தார். எதற்காகச் செய்தார் தெரியுமா? காருக்காக அல்ல, கப்பலுக்காக! நீராவி டர்பைன் மிக வேகமாகச் சுழலும். தண்ணீருக்குள் இருக்கிற விசிறி மெதுவாகத்தான் சுழல வேண்டும். இரண்டையும் சமரசப்படுத்தத் திரவத்தைத் தரகனாக வைத்தார். தரகன் நடுவே வந்தால் கொஞ்சம் தின்னத்தான் செய்வான். இந்தத் தரகனும் தின்பான். தின்றது அத்தனையும் சூடாக மாறும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வருவோம்.

இரண்டாவது, கோள் பல்சக்கரம். போரடிக்கிற களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே முளை. அதைச் சுற்றிப் பிணையல் மாடுகள். முளையை ஒட்டி நடக்கிற மாடு காலடி காலடியாக நடக்கும். வெளிக்கோடியில் இருக்கிற மாடு ஓட்டமும் நடையுமாக வரும். கட்டியிருப்பது ஒரே கயிறு, ஆனால் நடை வேறு வேறு. கியர் பெட்டியில் முளை இருக்கும் இடத்தில் ஒரு பல்சக்கரம், சூரியன் என்பார்கள். அதைச் சுற்றி மூன்று நான்கு சிறு பல்சக்கரங்கள், கோள்கள். வெளியே களத்து வரப்பு மாதிரி, உட்புறம் பல் வைத்த ஒரு வளையம். இந்த மூன்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, ஒன்றைச் சுற்றினால், மூன்றாவதில் வேகம் மாறி வெளியே வரும். வளையத்தைப் பிடித்துக்கொண்டு சூரியனைச் சுற்று: கோள்களைத் தாங்குகிற தட்டு மெதுவாக, பலமாகச் சுற்றும். அது கீழ்க் கியர். கோள்களின் தட்டைப் பிடித்துக்கொண்டு சூரியனைச் சுற்று: வளையம் எதிர்ப்புறம் சுற்றும். அது ரிவர்ஸ். இரண்டைச் சேர்த்துக் கட்டிவிடு: எல்லாம் ஒன்றாய்ச் சுற்றும். அது நேர் கியர்.

ஆலைத் தோழர்கள் சிரிக்கிறார்கள்! ஏன் என்று எங்களுக்குத் தெரியும். பழைய சிம்ப்ளக்ஸ் மெஷினில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழைய கதை. பாபினில் திரி ஏற ஏற அது பருத்துக்கொண்டே போகும். பருக்கப் பருக்க அதன் வேகம் குறைந்துகொண்டே வர வேண்டும்; இல்லாவிட்டால் திரி அறுந்துவிடும். அதற்காகக் கோன் டிரம்மும் டிஃபரன்ஷியல் பல்சக்கரமும் வைத்தார்கள். பிரிட்டனில் பஞ்சாலைத் தொழிலில் இருந்த ஹோல்ட்ஸ்வொர்த் என்பவர் 1826-ல் உரிமை பதிந்த ஏற்பாடு அது. அதன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். இப்போது வருகிற புது மெஷின்களில் தனித்தனி மோட்டாரும் கம்ப்யூட்டரும் அந்த வேலையைப் பார்க்கின்றன. பஞ்சாலைத் தொழிலாளி கையில் பிடித்துப் பார்த்த கணக்கு மோட்டார் காரின் தானியங்கிக் கியருக்கு வர நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று. 1939-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 'ஹைட்ரா-மாட்டிக்' என்ற பெயரில் கார்களுக்கு அதைப் போட்டது. கொஞ்ச நாளில் யுத்தம் வந்தது. அதே பெட்டியை இலகு ரக டாங்கிகளுக்கும் மாட்டினார்கள். யுத்தத்துக்குக் கொண்டுபோகாத யந்திரம் எதுதான் உண்டு?

மூன்றாவது, பிடித்து நிறுத்துகிற கை. யார் வளையத்தைப் பிடிப்பது, யார் விடுவது? வட்டத் தட்டுகள். இரும்புத் தட்டு ஒன்று, பிடிப்புப் பூச்சு பூசிய தட்டு ஒன்று, மீண்டும் இரும்பு, மீண்டும் பூச்சு என்று மாற்றி மாற்றி அடுக்கிய ஓர் அடுக்கு. பின்னால் ஒரு பிஸ்டன். எண்ணெய் அழுத்தம் வந்தால் பிஸ்டன் அடுக்கை நெரிக்கும், அடுக்கு பிடிக்கும். அழுத்தம் போனால் ஸ்பிரிங் பிஸ்டனைத் திருப்பித் தள்ளும், அடுக்கு விடும். எந்த அடுக்குக்கு எப்போது எண்ணெய் போக வேண்டும் என்று தீர்மானிக்கிற இடம் வால்வு பலகை. நம் ஊரில் கண்மாய் மடையும், கிளை வாய்க்காலும், மடை திறக்கிற நீர்க்கட்டியும் எப்படியோ, அப்படி: சிறுசிறு வாய்க்கால்கள், மடை மாதிரி வால்வுகள், ஸ்பிரிங்குகள், மிளகு பருமனில் இரும்புக் குண்டுகள். புதிய வண்டிகளில் நீர்க்கட்டியின் இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் பிரித்தது பழைய வகை.

சரி, எங்களிடம் எப்படி வந்தது?

நம் மாவட்டத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். அதில் ஒரு குவாரிக்கு, வெளிமாநிலச் சுரங்கத்தில் ஓடித் தேய்ந்து ஏலத்தில் வந்த டிப்பர் ஒன்று வந்து சேர்ந்தது. உள்ளே தானியங்கி கியர் பெட்டி. சில மாதம் ஓடியது. பிறகு மேட்டில் பாரத்தோடு ஏறும்போது என்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகராது. ஒரு நாள் மொத்தமாக நின்றுவிட்டது. கம்பெனி அங்கீகாரம் பெற்ற ஒரு பட்டறையில் கேட்டார்கள். "பிரித்துப் பார்ப்பதில்லை, முழுப் பெட்டியை மாற்ற வேண்டும்" என்று லட்சக்கணக்கில் சொன்னார்களாம். வண்டி நின்றால் யாருக்கு நஷ்டம்? முதலாளிக்கு வட்டி நஷ்டம். டிரைவர் அண்ணனுக்கு நடைப் பேட்டா போயிற்று. லோடு ஏற்றுகிற எட்டுப் பேருக்கு அன்றன்றைய அரிசி போயிற்று. அவர்களில் நான்கு பேர் பெண்கள். அவர்கள்தான் முதலில் எங்களிடம் வந்து கேட்டார்கள், முதலாளி அல்ல. "தம்பி, உங்களால் ஆகாதா?"

ஆகும் என்று சொல்லிவிட்டோம். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எங்களுக்கு முழுதாகத் தெரியாது. சாதாரணக் கியர் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்போம். இதைப் பிரித்ததில்லை. பட்டறையில் மூத்த தோழர் ஒருவருக்கு நெய்வேலிப் பக்கம் பெரிய டம்பர்களில் வேலை பார்த்த பழக்கம் இருந்தது. அவர் தைரியம்தான் எங்கள் தைரியம்.

பட்டறை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, பக்கத்தில் புளியமரம். பெட்டியின் எடை இருநூறு கிலோவுக்கு மேல். முதல் கேள்வி: அதை எப்படி இறக்குவது? இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிறவன் தன் பெண்டாட்டி பிள்ளைகளை நினைக்கவில்லை என்று அர்த்தம். செங்கல் அடுக்குவதும், ஹாலோ பிளாக் அடுக்குவதும் அதைவிட மோசம். பாரம் ஏறியதும் முன்னறிவிப்பே இல்லாமல் பொடிந்துவிடும். பழைய ரயில் சிலீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அதன்மேல் சேஸிஸை உட்கார வைத்தோம். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல். புளியமரக் கிளையில் செயின் பிளாக்கைக் கட்டலாமே என்று ஒரு தம்பி சொன்னான். மூத்தவர் விடவில்லை. மரம் பலமானதுதான், ஆனால் கிளை முறிகிறபோது யாரையும் கேட்டுக்கொண்டு முறியாது. மூன்று போர்வெல் குழாய்களை முக்காலியாகக் கட்டி, அதில் செயின் பிளாக்கை மாட்டினோம். புளியமரம் நிழல் மட்டும் கொடுத்தது.

எண்ணெயை வடித்தபோதே பாதிக் கதை தெரிந்துவிட்டது. நல்ல எண்ணெய் சிவப்பாக, தெளிவாக இருக்கும். இது கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. அடித் தட்டில் கறுப்புச் சேறு. காந்தத்தை வைத்துப் பார்த்தோம். சேற்றில் பெரும்பகுதி ஒட்டவில்லை. ஒட்டினால் பல்சக்கரமோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது; ஒட்டாவிட்டால் பெரும்பாலும் தட்டுப் பூச்சு. சரி, தட்டுத்தான் போயிருக்கிறது என்று மனசு கொஞ்சம் ஆறியது.

பிரிப்பது சுலபம், பிரித்ததை மறக்காமல் இருப்பதுதான் வித்தை. பழைய வேட்டி விரித்து, கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்கினோம். ஒவ்வோர் அடுக்கைக் கழற்றும் முன்னும் பின்னும் கைப்பேசியில் படம். வால்வு பலகையைப் பிரித்தபோது குண்டுகளும் ஸ்பிரிங்குகளும் கடுகாய்ச் சிதறப் பார்த்தன. அதற்கு நாங்கள் கண்ட கருவி என்ன தெரியுமா? முப்பது முட்டை வைக்கிற அட்டை! குழிக்கு ஒரு வால்வு, அதற்குரிய ஸ்பிரிங்கும் அதே குழியில், குழிக்கு எண். ஒரே நீளம்போல் தெரிகிற இரண்டு ஸ்பிரிங்குகள் ஒன்றல்ல. கம்பியின் கனத்தில் மயிரிழை வித்தியாசம் இருக்கும். மாற்றிப் போட்டால் கியர் விழுகிற நேரமே மாறிப் போகும். இந்த அட்டை முறைக்குக் கம்பெனிக்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ, எங்களுக்கு இரண்டு ரூபாய்ச் செலவு.

துடைக்கிற துணி விஷயத்தில் ஒரு வார்த்தை. பட்டறைகளில் எல்லோரும் பனியன் வேஸ்ட்டில்தான் துடைப்போம். இங்கே கூடாது. அதன் நூல் இழை ஒன்று வாய்க்காலில் சிக்கினால் போதும், மடை அடைத்த மாதிரிதான். பழைய நைலக்ஸ் சேலை ஒன்றை ஒரு தோழரின் தாயார் கொடுத்தார். இழை பிரியாத துணி. அதில்தான் துடைத்தோம்.

அடுக்குகளின் பிஸ்டனைக் கழற்ற ஒரு கருவி வேண்டும். உள்ளே கனமான ஸ்பிரிங். அதை அமுக்கிப் பிடித்தால்தான் சர்க்கிளிப்பை எடுக்க முடியும். கடையில் வாங்கினால் விலை அதிகம், அதுவும் சென்னையில்தான். இரண்டு இரும்புப் பட்டையில் துளை போட்டு, நீளப் போல்ட் இரண்டை நுழைத்து, மாறி மாறி நட்டை இறுக்கி அமுக்கினோம். பார்வைக்குக் கரும்பு பிழிகிற செக்கின் பேரப்பிள்ளை மாதிரி இருந்தது. அது அமுங்கியிருக்கும்போது நேர் எதிரே முகத்தை நீட்டக்கூடாது. எங்களில் ஒருவர் நீட்டினார். புருவத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது, கண் தப்பியது.

பிஸ்டனைச் சுற்றியிருந்த ரப்பர் சீலைப் பார்த்தோம். கல்லாய் இறுகி, ஓரம் வெடித்திருந்தது. இப்போது காரணம் சங்கிலியாய் விளங்கியது. எண்ணெய்த் தரகன் தின்றது சூடாகிறது என்று சொன்னோம் அல்லவா? டிப்பரின் எண்ணெய்க் கூலரில் குவாரித் தூசி அப்பிச் சேறாகியிருந்தது. சூடு வெளியேற வழியில்லை. சூட்டில் சீல் இறுகி வெடித்தது. வெடித்த வழியே எண்ணெய் கசிந்தது. அழுத்தம் குறைந்தது. அடுக்கு இறுகப் பிடிக்காமல் வழுக்கியது. வழுக்கிய தட்டு எரிந்தது. எரிந்த பூச்சு உதிர்ந்து ஃபில்டரை அடைத்தது. ஃபில்டர் அடைத்ததால் அழுத்தம் இன்னும் குறைந்தது. கேட்டால் "டிரைவர் ஓட்டத் தெரியாமல் ஓட்டிக் கெடுத்துவிட்டான்" என்று குவாரியில் பேசிக்கொண்டார்கள். டிரைவர் கெடுக்கவில்லை. கூலரைக் கழுவ அரை நாள் வண்டியை நிறுத்த யாரும் விடவில்லை. அந்தக் கூலரைக் கழற்றி, உள்ளே இருந்த சேற்றை வாளியில் பிடித்து, டிரைவர் முன்னிலையில் காட்டினோம். அவர் ஒன்றும் பேசவில்லை, ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டார்.

சீல் செட்டு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைத்தது. தட்டுகளில் சிலது புதிதாகவும், சில இரும்புத் தட்டுகள் புதுப்பேட்டையில் பழையதாகவும் வாங்கினோம். புதுப் பூச்சுத் தட்டை அப்படியே போடக்கூடாது. கியர் எண்ணெயில் ஊற வைக்க வேண்டும். நாங்கள் இரவு முழுவதும் ஊறவைத்தோம், ஊறிய பருப்பு மாதிரி. உலர்ந்த தட்டைப் போட்டு வண்டியை எடுத்தால் முதல் மேட்டிலேயே தீயும். குண்டுகள், வாஷர்கள் விழாமல் ஒட்டி நிற்க கிரீஸ் தடவலாமா? கூடாது. கிரீஸ் எண்ணெயில் கரையாமல் கட்டியாய்த் திரிந்து வாய்க்காலை அடைக்கும். மருந்துக் கடை வாசலின் போதும். சூடேறினால் கரைந்து போய்விடும்.

எதையெல்லாம் கைவசம் உள்ளதை வைத்துச் சமாளிக்கலாம், எதைச் சமாளிக்கக்கூடாது என்பதுதான் இந்த வேலையின் அறிவு. அளவில் சமாளிப்பு கிடையாது. அடுக்கின் இடைவெளியைப் பார்க்க ஃபில்லர் கேஜ் கட்டாயம் வேண்டும். கண் மதிப்பு ஆகாது. ஆனால் போல்ட்டை எவ்வளவு முறுக்குவது என்று அளக்கிற டார்க் ஸ்பேனர் எங்களிடம் இல்லை. பழைய பேப்பர்க்காரர் தூக்குகிற கொக்கித் தராசு இருந்தது. ஸ்பேனரில் ஒரு மீட்டர் நீளத்துக்குக் குழாயை மாட்டி, நுனியில் தராசின் கொக்கியை மாட்டிச் செங்கோணத்தில் இழுத்தால், முள் பத்துக் கிலோ காட்டும்போது முறுக்கு பத்துக் கிலோ-மீட்டர். புத்தகத்தில் நியூட்டன்-மீட்டரில் போட்டிருந்தால் ஏறக்குறைய நூறு. குழாய் அரை மீட்டர் என்றால் இருபது கிலோ இழுக்க வேண்டும். தராசு பொய் சொல்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. பத்து லிட்டர் அளந்து ஊற்றி, குடத்தின் எடையைக் கழித்துப் பாருங்கள். எங்கள் தராசு அரைக் கிலோ குறைத்துக் காட்டியது. பேப்பர்க்காரரிடம் சொன்னோம், அவர் கேட்காத மாதிரி போய்விட்டார்.

ஒவ்வோர் அடுக்கையும் பூட்டிய பிறகு, பஞ்சர் கடைக் கம்ப்ரஸரிலிருந்து குறைந்த அழுத்தத்தில், இரண்டு மூன்று கிலோ காற்றை, அந்த அடுக்கின் எண்ணெய்த் துளையில் விட்டோம். சீல் நன்றாக உட்கார்ந்திருந்தால் 'டொப்' என்று ஒரு சத்தம். கிழிந்திருந்தால் 'புஸ்'. எல்லா அடுக்கும் டொப் என்றன. அன்றைக்கு ராத்திரி நாங்கள் சந்தோஷமாகப் படுத்தோம்.

மறுநாள்தான் கெடுத்தோம்.

டார்க் கன்வெர்ட்டரைப் பெட்டியின் பம்பில் உட்கார வைக்க வேண்டும். அது ஒரே தள்ளில் உட்காராது. மெல்லச் சுற்றிச் சுற்றித் தள்ள வேண்டும். ஒவ்வொரு காடியாக விழும், இறங்குவது கைக்குத் தெரியும். கடைசியாக பம்பின் காடியில் விழ வேண்டும். எங்களுக்கு அவசரம். விழுந்துவிட்டது என்று நினைத்தோம். பெட்டியை என்ஜினோடு சேர்த்தபோது ஒரு விரல் இடைவெளி நின்றது. நிறுத்தியிருக்க வேண்டும். "போல்ட்டை இறுக்கினால் வந்துவிடும்" என்று இறுக்கினோம். 'டக்' என்றது. பம்பின் பல்சக்கரம் விரிசல் விட்டுவிட்டது. வந்த கூலி, வராத கூலி எல்லாம் அதில் போயிற்று. நான்கு பேரின் எட்டு நாள் உழைப்பு. பம்பு புதுப்பேட்டையில் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. முதலாளி பத்துப் பைசா கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கெடுத்தது நாங்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் வேலையில்லாமல் இருந்த லோடு ஏற்றுகிற பெண்கள் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

ஆகவே இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி என்ஜினோடு ஒட்டிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும். அதற்கும் என்ஜின் தட்டுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் கழற்று. இரும்பு இடம் கொடுக்காதபோது ஸ்பேனரால் மிரட்டக்கூடாது.

இரண்டாம் தடவை சரியாக உட்கார்ந்தது. எண்ணெய் ஊற்றி, என்ஜினை ஓடவிட்டு, சமதரையில் நிறுத்தி, சூடேறிய பிறகு அளவு பார்த்தோம். டிராக்டர் ஹைட்ராலிக்கிலிருந்து கழற்றிய அழுத்தக் கேஜை மாட்டினோம். முள் பத்துக் கிலோவைத் தாண்டி நின்றது. டிரைவர் அண்ணன் ஏறி உட்கார்ந்தார். வெறும் வண்டி ஒரு மைல், அரை லோடு மூன்று மைல், முழு லோடோடு குவாரி மேடு. ஏறிவிட்டது.

தோழர்களே! நாங்கள் ஏதோ அதிசயம் செய்துவிட்டதாக நினைக்க வேண்டாம். கியூபாவைப் பாருங்கள். 1960-லிருந்து அமெரிக்கா வியாபாரத் தடை போட்டது. 1962-ல் அது முழுத் தடை ஆயிற்று. அங்கே ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் அமெரிக்கக் கார், பலவற்றில் இதே தானியங்கிப் பெட்டி. ஒரு சீல் கூட வராது. அங்குள்ள மெக்கானிக்குகள் என்ன செய்தார்கள்? முடிந்ததைத் தாங்களே கடைந்து செய்தார்கள். முடியாததைத் தூக்கிவிட்டு சோவியத் வண்டிகளின் என்ஜினையும் கைக் கியரையும் பொருத்தினார்கள். கண்டுபிடிக்கிற தொழிலாளிகளுக்கென்றே 1976-ல் தேசிய சங்கம் ஒன்றும் அங்கே அமைந்தது. அறுபது எழுபது வயதுக் கார்கள் ஹவானா தெருவில் ஓடுவதைப் பார்க்க இன்று வெள்ளைக்காரர்கள் டிக்கெட் எடுத்துப் போகிறார்கள்.

கியூபா தூரம். யாழ்ப்பாணம் தூரமில்லை, கோடியக்கரையில் நின்றால் அக்கரை. 1990-க்குப் பிறகு இலங்கை அரசு அங்கே பெட்ரோல், பாட்டரி எதுவும் போகாமல் தடுத்தது. நம் தமிழ்ச் சகோதரர்கள் பழைய மாரிஸ், ஆஸ்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் சில சொட்டுப் பெட்ரோல், பிறகு மண்ணெண்ணெய். ரேடியோ கேட்கச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றினார்கள். கெட்டிக்காரத்தனம் மெச்சத்தக்கதுதான். ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு அவர்களைத் தள்ளிய நிலைமையை யாரும் மெச்ச முடியாது. எங்கள் முட்டை அட்டைக்கும் அதே பேச்சுத்தான். வசதியான பட்டறையும், நல்ல கருவியும், பயிற்சியும் கிடைத்தால் யார் முட்டை அட்டையைத் தேடப் போகிறார்கள்?

இப்போது கடைசி விஷயம். இதைச் சொல்லாவிட்டால் நாங்கள் வந்ததில் பயனில்லை.

பழைய பெட்டியைப் பிரிக்க ஸ்பேனர் போதும். புதிய லாரிகளில் வருகிற தானியங்கிக் கியரில் ஸ்பேனர் போதாது. சென்னைக்கருகே ஒரகடத்திலேயே அமெரிக்க அல்லிசன் கம்பெனி கனரகத் தானியங்கிப் பெட்டி செய்கிறது. நம் நாட்டு லாரிக் கம்பெனிகள், கைக் கியருக்கே யந்திரக் கை ஒன்றைப் பொருத்தி, ஏ.எம்.டி. என்ற பெயரில் விற்கின்றன. இவை எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர். தட்டு மாற்றினாலும், கம்பெனி மென்பொருள் உள்ள பெட்டியை மாட்டி 'கற்றுக்கொள்' என்று கட்டளை கொடுத்தால்தான் சரியாக ஓடும் என்ற நிலைமை பல வண்டிகளில் வந்துவிட்டது. அந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது? கம்பெனியிடம். அப்படியானால் வண்டியை வாங்கியவன் வண்டிக்குச் சொந்தக்காரனா, வாடகைக்காரனா? பட்டறைத் தொழிலாளி கற்ற தொழில் என்ன ஆவது?

விவசாயத் தோழர்களே, இது லாரியோடு நிற்கப் போவதில்லை. அமெரிக்காவில் டிராக்டரும் அறுவடை யந்திரமும் வாங்கிய விவசாயிகள் இதே பூட்டில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்காகச் சண்டை போட்டார்கள். கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாய யந்திரங்களைப் பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் ஜான் டீர் கம்பெனிமேல் அமெரிக்க அரசின் வர்த்தகக் கமிஷனே இது விஷயமாக வழக்குத் தொடுத்தது. நம் நாட்டில் 2022 ஜூலையில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், மோட்டார் வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையத் தளமும் திறந்தார்கள். தளம் திறப்பது வேறு, கம்பெனி கையிலுள்ள பெட்டியைத் திறப்பது வேறு. பழுதுபார்க்கும் புத்தகமும், உதிரிப் பாகமும், மென்பொருளும் நியாய விலையில் எல்லாப் பட்டறைக்கும் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் வேண்டும். இந்தக் கோரிக்கையை மோட்டார்த் தொழிலாளி மட்டும் கேட்டால் யாருக்குக் காது கேட்கும்? டிராக்டரும் அறுவடை மெஷினும் ஓடுகிற கிராமத்திலிருந்து, எலெக்ட்ரானிக் மெஷின் வந்துவிட்ட ஆலையிலிருந்து சேர்ந்து கேட்க வேண்டும்.

யந்திரம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. டிரைவரின் முட்டியைக் காப்பாற்றுகிற யந்திரம் வரட்டும், நூறு வரட்டும். எட்டு மணி நேர வேலை என்று 1961-ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொன்னது. கிளட்ச் மிதி இல்லை, களைப்பு இல்லை என்று சொல்லி அதைப் பன்னிரண்டாக்க வந்தால் மட்டும் சங்கத்தில் வந்து சொல்லுங்கள்.

ஒரு அக்கா கையைத் தூக்குகிறார். "பெண்கள் இதைக் கற்றுக்கொள்ள முடியுமா?" என்கிறார். அக்கா, 1991-ல் இதே மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றபோது, குவாரியில் கல் உடைத்த பெண்களும் கற்றார்கள். அப்போதும் சிலர் சிரித்தார்கள். நீங்கள் கேட்கத் தேவையில்லை, வர வேண்டியதுதான். வால்வு பலகை வேலைக்குப் பலம் வேண்டாம். பூக்கட்டுகிற விரல் வேண்டும், பொறுமை வேண்டும்.

மேசைமேல் எரிந்த தட்டு ஒன்றும், புதுத் தட்டு ஒன்றும், விரிசல் விட்ட பம்பும் வைத்திருக்கிறோம். கை மாற்றிப் பாருங்கள். எண்ணெய் படும், சேலை வேட்டி பத்திரம். சிம்ப்ளக்ஸ் டிஃபரன்ஷியலை அடுத்த ஞாயிறு கரும்பலகையில் வரைந்து காட்டுவதாக ஆலைத் தோழர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சாக்கட்டி நாங்கள் கொண்டுவருகிறோம்.